தரையில் பளிச், தண்ணீருக்குள் மசமச: ஆக்‌ஷன் கேமரா ஏன் சொதப்புகிறது?

அலுவலக நண்பர் ஒருவர் திருமணமான கையோடு அந்தமான் போய்வந்தார். ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) கணவன் மனைவி இருவருக்கும் அதுதான் முதல் ஸ்கூபா டைவ். சித்தப்பா பையனிடம் இரவல் வாங்கிய பழைய ஆக்‌ஷன் கேமராவைக் கையோடு கொண்டுபோயிருந்தார். திரும்பி வந்ததும் மதிய உணவு இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். படகில் எடுத்தது கண்ணாடி மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் எடுத்த இருபது நிமிடமும் ஒரே மசமச. மீனா, பவளமா, மனைவியா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“தண்ணி கலங்கலா இருந்துச்சாடா?”

“இல்ல மச்சான். கண்ணுக்கு அவ்ளோ கிளியரா தெரிஞ்சுது. கேமராதான் டுபாக்கூர்.”

ஆனால் அந்த வீடியோவிலேயே ஒரு தடயம் இருந்தது. டைவ் முடிந்து தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் அந்தக் கடைசி நொடியில் படம் சட்டென்று கூர்மையாகிவிடுகிறது. வானம், படகு, ஏணி, கயிற்று முடிச்சு எல்லாம் பளிச். கேமரா டுபாக்கூர் என்றால் இது எப்படி?

கேமரா நன்றாகத்தான் இருந்தது. பிரச்சினை அதற்கு முன்னால் இருந்த கண்ணாடியில். தண்ணீருக்கடியில் எடுக்கும் வீடியோ மங்கிப்போக மெகாபிக்ஸல் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்: ஒரு கண்ணாடி, கொஞ்சம் காற்று, நிறைய தண்ணீர். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால், கையில் இருக்கும் கேமராவே போதும். புரிந்துகொள்ளாவிட்டால் லேட்டஸ்ட் மாடல் வாங்கினாலும் அதே மசமசதான். லீவு, டிக்கெட், டைவ் கட்டணம் எல்லாம் போட்டுப் போகும் முதல் டைவ் திரும்ப வராது என்பதால், கொஞ்சம் பொறுமையாகவே பார்க்கலாம்.

கிணற்றில் கண்ணைத் திறந்து பார்த்ததுண்டா?

கிணற்றிலோ பம்ப் செட் தொட்டியிலோ முங்கி, கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் கையே நமக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அப்படித்தான். அதே தண்ணீரில் ஒரு டைவிங் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் கூழாங்கல் வரை தெரிகிறது. மாஸ்க்கில் இருப்பது வெறும் தட்டைக் கண்ணாடி, பவர் எதுவும் கிடையாது. பிறகு எப்படி?

நம் கண்ணில் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் அல்ல. கண்ணின் முன்பக்கம் வளைந்திருக்கும் கார்னியா. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி பலமாக வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவுக்கு 1.37 அளவில். இந்த வித்தியாசம்தான் வளைக்கிறது. தண்ணீருக்கு 1.33. கார்னியாவுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆகவே தண்ணீர் நேராகக் கண்ணைத் தொட்டால் வளைவதற்கு அங்கே வேலையே இல்லை. கண் தன் பவரில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. மாஸ்க் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கண்ணுக்கு முன்னால் காற்றைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது.

கேமராவுக்கும் இப்படி ஒரு மாஸ்க் உண்டு. அதுதான் ஹவுஸிங் எனப்படும் பிளாஸ்டிக் கூடு. அந்த மாஸ்க்கின் கண்ணாடி தட்டையாக இல்லாமல் குமிழ் மாதிரி வெளியே புடைத்திருந்தால் கதை மாறிவிடும்.

குமிழ்க் கண்ணாடி செய்யும் மாயம்

கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கிய நிக் வுட்மேன் அலைச்சறுக்கு வீரர். 2004-ல் வந்த அவர்களின் முதல் தயாரிப்பு ஃபிலிம் போட்டு எடுக்கும் சிறு கேமரா. கையில் கட்டிக்கொண்டு அலையில் போவதற்கானது. 2009-ல் வந்த ஹெச்டி ஹீரோ, 2011-ல் வந்த ஹீரோ2 ஆகியவற்றிலும் அதே அலைச்சறுக்கு மனசுதான். சுமார் 170 டிகிரி அகலத்தில் உலகத்தையே அள்ளும் லென்ஸ், அதற்கு முன்னால் ஹவுஸிங்கில் ஒரு சின்னக் குமிழ்க் கண்ணாடி. அலைக்கு மேலே, அதாவது காற்றில், இது அருமையாக வேலை செய்தது. ஸ்கூபா ஆட்கள் அதே கூட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: மங்கல்.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். வெளியே தண்ணீர், உள்ளே காற்று, நடுவில் வளைந்த பரப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு லென்ஸாகவே மாறிவிடும். அதுவும் ஒளியைச் சிதறடிக்கும் குழிலென்ஸ். கணக்குப் போட்டால், எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளும் அந்தக் குமிழின் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில், குமிழுக்கு முன்னால் ஒரு மாய பிம்பமாக நிற்கும். குமிழின் ஆரம் 2 செ.மீ. என்று வையுங்கள். 10 மீட்டருக்கு அப்பால் போகும் ஆமை, கேமராவின் பார்வையில் வெறும் 6 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மீன் அதைவிட நெருக்கத்தில். மொத்தக் கடலும் அந்த 6 சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது.

இப்போது இன்னொரு விஷயம். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் ஃபோகஸ் மாறாது. தொழிற்சாலையில் ஒரே இடத்தில் பூட்டி அனுப்பிவிடுவார்கள். பல மாடல்களில் சுமார் 30 செ.மீ. முதல் முடிவிலி வரை எல்லாம் கூர்மை. அதைவிடக் கிட்டே வந்தால் மங்கல். 6 செ.மீ.யில் நிற்கும் கடலை இந்தக் கேமராவால் எப்படிப் பிடிக்க முடியும்? நண்பரின் வீடியோவில் நடந்தது இதுதான். கேமரா வெளியே வந்ததும் குமிழின் இரண்டு பக்கமும் காற்று. லென்ஸ் வேலை நின்றுபோய்விட்டது, படம் பளிச்.

‘அப்படியானால் கடல் புகைப்படக்காரர்கள் எல்லாம் பெரிய பெரிய குமிழ்க் கண்ணாடியோடு போகிறார்களே?’ நல்ல கேள்வி. அவர்களின் கேமரா அந்தக் கிட்டத்து மாய பிம்பத்தின்மேல் ஃபோகஸை நகர்த்திக்கொள்ளும். குமிழும் பெரிது. பாதி வானம், பாதி கடல் என்று படம் எடுப்பதற்காக ஆக்‌ஷன் கேமராவில் மாட்டுகிற 15 செ.மீ. விட்டமுள்ள டோம்களும் இதனால்தான் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. ஆரம் 7.5 செ.மீ., அதன் மூன்று மடங்கு 22.5 செ.மீ.; டோமுக்கும் லென்ஸுக்கும் இருக்கும் இடைவெளியையும் கூட்டினால் 30 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சின்னக் குமிழுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தீர்வு சுலபம்: தட்டைக் கண்ணாடி. முதலில் வெளியார் சிலர் தட்டைக் கண்ணாடிக் கூடுகளைச் செய்து விற்றார்கள். பிறகு கோப்ரோவே டைவிங் ஹவுஸிங் கொண்டுவந்தது. 2012-ல் வந்த ஹீரோ3-லிருந்து கேமராவோடு வரும் ஹவுஸிங்கே தட்டைக் கண்ணாடியானது. ஆகவே இன்று புதிதாக வாங்கினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. பழைய கேமராவை இரவல் வாங்குபவர்கள், பழைய பொருள் விற்கும் தளங்களில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள், பெயர் தெரியாத கம்பெனியின் கூட்டைப் போடுபவர்கள் ஆகியோர்தான் கவனிக்க வேண்டும். கூட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி வெளியே புடைத்திருந்தால், அது கடலுக்கு அல்ல.

இன்றைய 360 டிகிரி கேமராக்களிலும் இதே பூதம் வேறு உருவில் வருகிறது. இரண்டு பக்கமும் மீன் கண் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் அந்த லென்ஸ்கள் நேராகத் தண்ணீரைத் தொட்டால், இரண்டு பாதிப் படங்களையும் ஒட்டும் இடம் பிளந்து தெரியும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பெட்டியில் போட்டிருப்பது கேமரா சாகாது என்பதற்கான உத்தரவாதம். படம் நன்றாக வரும் என்பதற்கானது அல்ல. அதற்கென்று தனி டைவ் கேஸ் இருக்கிறது. அதைப் போட்டே ஆக வேண்டும்.

தட்டைக் கண்ணாடியும் இலவசமாக உதவுவதில்லை. அதன் வழியே எல்லாப் பொருளும் உண்மையான தூரத்தில் முக்கால்வாசியில் இருப்பதுபோல் தெரியும். 1 மீட்டரில் இருக்கும் மீன் 75 செ.மீ.யில் இருப்பதுபோல். பார்வை அகலமும் குறையும்: 90 டிகிரி பார்க்கும் லென்ஸ் தண்ணீருக்குள் 64 டிகிரிதான் பார்க்கும். ஆகவே ‘லீனியர்’, ‘நேரோ’ போன்ற முறைகளை விட்டுவிட்டு ‘வைட்’ வைப்பது நல்லது. தரையில் எரிச்சலூட்டும் அந்த வளைவும் தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது.

இன்னொரு பின்விளைவும் உண்டு. காற்றில் 30 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும் கேமராவுக்குத் தண்ணீரில் 40 செ.மீ. தேவை. ‘நெமோ’ மீனின் மூக்கில் கேமராவை வைத்து எடுத்தால் பின்னால் இருக்கும் பவளம் கூர்மையாகவும் மீன் மங்கலாகவும் வருவது இதனால்தான். சின்ன உயிரினங்களைக் கிட்டே போய் எடுக்க ஆசைப்பட்டால் ஹவுஸிங்கின் முன்னால் மாட்டும் மேக்ரோ லென்ஸ் தனியாக வேண்டும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு பெரிய டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். பிளாஸ்டிக் கவருக்குள் போட்ட செய்தித்தாளை ஒரு பக்கச் சுவரில் நிறுத்துங்கள். கேமராவை முக்கி 20, 30, 40, 50 செ.மீ. என்று நகர்த்தி எடுத்து, பெரிய திரையில் பாருங்கள். எந்தத் தூரத்திலிருந்து எழுத்து தெளிவாகிறதோ, அதுதான் உங்கள் கேமராவின் எல்லை. எந்தத் தூரத்திலும் தெளிவாகவில்லையா? ஹவுஸிங்கை மாற்றுங்கள்.

கேமரா 10 மீட்டர், டைவ் 12 மீட்டர்

மங்கலைவிட மோசமானது ஒன்று இருக்கிறது: கேமராவே போய்விடுவது. 2016-ல் வந்த ஹீரோ5-லிருந்து கோப்ரோவின் முதன்மை மாடல்கள் கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கும் என்கிறார்கள். டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-க்கு 18 மீட்டர். நீச்சலுக்கும் ஸ்நார்க்கெலிங்குக்கும் இது தாராளம். ஆனால் பயிற்சியே இல்லாதவர்களை முதன்முதலாகக் கூட்டிப்போகும் ‘டிஸ்கவர் ஸ்கூபா’ வகை டைவ்களில் பாடி அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு 12 மீட்டர். 10 மீட்டர் கேமராவோடு 12 மீட்டர் டைவுக்குப் போவது எதில் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஸ்கூபாவுக்குப் போகிறீர்கள் என்றால் டைவ் ஹவுஸிங் போடுங்கள். கேமரா கம்பெனிகளின் ஹவுஸிங்குகள் பலவும் 60 மீட்டர் வரை தாங்கக்கூடியவை.

கூடு இல்லாமல் இறங்குபவர்கள் பேட்டரிக் கதவை இரண்டு தடவை பாருங்கள். சார்ஜ் கேபிள் போக ஓட்டையுள்ள கதவை மாட்டி வைத்திருந்து, அதை மறந்து தண்ணீரில் இறக்கியவர்கள் உண்டு. கூடு போடுபவர்களுக்கு எதிரி ஒரு தலைமுடி. மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில், அதாவது ஓ-ரிங்கில், ஒரு முடியோ மணல் துகளோ சிக்கினால் போதும், அதன் வழியே தண்ணீர் வந்துவிடும். வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். கிரீஸ் தடவச் சொல்லி கம்பெனியின் கையேட்டில் இருந்தால் மட்டும் தடவுங்கள். முதல்முறை என்றால் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி அரை மணி நேரம் போட்டுவையுங்கள். பேப்பர் நனைந்திருந்தால் நஷ்டம் ஒரு பேப்பரோடு போகும். டைவின் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் வாளியில் வராதுதான். ஆனாலும் முடி, விரிசல் மாதிரி முட்டாள்தனமான கசிவுகள் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

பத்து நிமிடம் நல்லா இருந்துச்சு, அப்புறம் பனி மூட்டம்

வீடியோ ஆரம்பத்தில் தெளிவு, போகப்போக நடுவில் வெள்ளையாகப் படர்கிறது என்றால் அது ஃபோகஸ் பிரச்சினை இல்லை. உள்ளே ஆவி பிடித்திருக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். படகில் வெயிலில் வைத்து மூடினால் அந்த ஈரக் காற்று அப்படியே கூட்டுக்குள் சிறைப்படும். கேமரா ஓடினால் சூடாகும். வெளியே கடல் குளிர்ச்சி. ஈரம் போய் உட்கார வசதியான இடம் குளிர்ந்த கண்ணாடிதான். டம்ளரில் ஐஸ் வாட்டர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, அதே சமாச்சாரம்.

ஏசி அறையில், காய்ந்த காற்றில், காலையிலேயே கூட்டை மூடிவிடுங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சின்ன ஆன்ட்டி-ஃபாக் அட்டை ஒன்றைச் செருகுங்கள். படகில் திறக்கவே திறக்காதீர்கள். பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் முன்னாடியே சரிபார்த்துவிட வேண்டும். இறங்கும்வரை ஈரத் துணியால் மூடி நிழலில் வையுங்கள்.

வெளிப்பக்கத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று, இறங்கியதும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகள். முங்கியவுடன் விரலால் ஒரு தடவை வழித்துவிடுங்கள். இரண்டு, சன்ஸ்கிரீன். அந்த விரலிலேயே சன்ஸ்கிரீன் இருந்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் பூசி, டைவ் முழுக்கச் சினிமா கனவுக் காட்சி மாதிரி ஓடும். முதலில் கையைக் கழுவுங்கள்.

தண்ணீரே ஒரு திரைதான்

கண்ணாடி சரி, ஆவி இல்லை. இருந்தும் படம் சோகை பிடித்ததுபோல், நீலமாக, உயிரில்லாமல் இருக்கிறதா? இது இயற்கையின் வேலை. தண்ணீர் வெளிச்சத்தை விழுங்கும். அதிலும் சிவப்பைத்தான் முதலில். 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி காலி. அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழத்தில் கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும்.

பலர் மறப்பது, ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதை. வெளிச்சம் மேலிருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து கேமராவுக்கு வர வேண்டும். 3 மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் தள்ளியிருக்கும் மீனை எடுத்தால் மொத்தம் 6 மீட்டர் தண்ணீரைக் கடந்த வெளிச்சம். அந்த நடுத் தண்ணீரில் மிதக்கும் பாசித் துணுக்கு, மணல், நுண்ணுயிர் எல்லாம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கண்ணுக்கு 10 மீட்டர் வரை தெரிகிறது என்பதற்காக 10 மீட்டரில் இருப்பதை எடுத்தால் சாம்பல் நிழல்தான் கிடைக்கும். பார்வைத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் எடுங்கள் என்பது டைவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 10 மீட்டர் தெரிந்தால் 2 மீட்டருக்குள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: கிட்டே போங்கள். ஜூம் பண்ணுவதால் நடுவிலுள்ள தண்ணீர் குறையாது. ஆக்‌ஷன் கேமராவுக்கு வசதியான தூரம் அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர்.

இடமும் நேரமும் பாதி வேலை. 3 முதல் 6 மீட்டர் ஆழமுள்ள பாறைத்திட்டு, காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை உச்சி வெயில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். இது அமைந்தால் ஃபில்டர், விளக்கு எதுவுமே வேண்டாம். புதுச்சேரி, சென்னைப் பக்கத்து வங்கக் கடலில் தண்ணீரின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். அந்தமானிலும் லட்சத்தீவிலும் எடுத்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு அதே நீலத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. முந்தைய நாள் தண்ணீர் எப்படி இருந்தது என்று டைவ் சென்டரில் கேளுங்கள்.

சிவப்பு ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. அது இல்லாத சிவப்பை உண்டாக்காது. மிச்சமிருக்கும் நீலத்தை மடக்கி வைக்கும், அவ்வளவுதான். ஏறக்குறைய 5 முதல் 20 மீட்டர் வரை, நீலத் தண்ணீரில், நல்ல வெயிலில் உதவும். பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர். மேலோட்டமான ஆழத்தில் மாட்டினால் எல்லோருக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய மாதிரி ஆகிவிடும். தவிர, ஃபில்டர் வெளிச்சத்தையும் தின்னும். வீடியோ லைட் பயன்படுத்தினால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். லைட்டையும் லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். மழைக்கால இரவில் ஹெட்லைட்டில் தூறல் பளபளப்பதுபோல, மிதக்கும் தூசு முழுக்க மின்னும். கை நீளத்துக்குத் தள்ளி, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும்.

செட்டிங்ஸ்: கொஞ்சம் போதும்

ஆக்‌ஷன் கேமராவின் சென்சார் சின்னது. வெளிச்சம் குறைந்ததும் அது இரண்டு தில்லுமுல்லு செய்யும். ஐஎஸ்ஓவை ஏற்றும், அதனால் வரும் புள்ளிகளை மறைக்கப் படத்தை மெழுகும். மீனின் செதில் எல்லாம் வாட்டர் கலர் ஓவியம் மாதிரி ஆவது இதனால். அதிகபட்ச ஐஎஸ்ஓவை மேலோட்டத் தண்ணீரில் 800, கொஞ்சம் ஆழத்தில் 1600 என்று கட்டிப்போடுங்கள். இரண்டாவது, ஷட்டரை மெதுவாக்கும். அப்போது கை ஆடினால் ஒவ்வொரு ஃபிரேமும் இழுபட்டு மங்கும். ஸ்டெபிலைசேஷன் ஃபிரேமை நேராக நிறுத்துமே தவிர, ஃபிரேமுக்குள் ஏற்கெனவே இழுபட்டதைச் சரிசெய்யாது. அதனால்தான் ‘ஆடவே இல்லை, ஆனா தெளிவா இல்லை’ என்ற விசித்திர வீடியோக்கள் வருகின்றன.

நல்ல வெளிச்சத்தில் 4கே, 60 ஃபிரேம். மங்கலான இடத்தில் 30 ஃபிரேம். பிட் ரேட் ‘ஹை’யில் இருக்கட்டும்: ஆயிரம் துகள்கள் மிதக்கும் தண்ணீரைச் சுருக்கிப் பதிவது கேமராவுக்குப் பெரும்பாடு. எடிட்டிங் தெரியாதவர்கள் ‘லாக்’, ‘ஃபிளாட்’ நிறங்களைத் தொட வேண்டாம். டச் ஸ்கிரீன் தண்ணீருக்குள் வேலை செய்யாது. எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிட வேண்டும்.

மூச்சைப் பிடிக்காதீர்கள்

கேமராவை நீளமான செல்ஃபி ஸ்டிக்கில் மாட்டினால் நுனியில் ஆட்டம் பல மடங்காகும். இரண்டு கைப்பிடி உள்ள சின்னத் தட்டு இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மீனைத் துரத்தாதீர்கள், அது எப்படியும் ஜெயிக்கும். ஓரிடத்தில் நின்று பத்து விநாடி அப்படியே பிடியுங்கள். பெரும்பாலும் அதுவே ஃபிரேமுக்குள் வரும். மிதக்கும் கைப்பிடி ஸ்நார்க்கெலிங்குக்குச் சரி. ஸ்கூபாவில் அது கையை மேலே மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கட்டுக் கயிறு போதும்.

ஃபோன் கேமராவில் பழகியவர்கள், கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார்கள். ஸ்கூபாவில் இதைச் செய்யவே கூடாது. அழுத்தக் காற்றை நுரையீரல் நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் ஒன்றிரண்டு மீட்டர் மேலே போனாலே உள்ளே காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. மூச்சு சீராக ஓட வேண்டும், வீடியோ ஆடினால் ஆடட்டும். முதல் டைவில் கேமராவைப் பயிற்றுநரிடமே கொடுத்துவிடுவதுதான் என் கட்சி. காது வலி, மூச்சு, மாஸ்க்கில் தண்ணீர் என்று கவனிக்க ஆயிரம் இருக்கும்போது ரெக்கார்ட் பட்டன் எதற்கு? பல இடங்களில் பயிற்றுநர்களே எடுத்தும் தருகிறார்கள். ஆனால் இறங்குவதற்கு முன்பே அந்தக் கேமராவின் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; துடைக்கச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

கிட்டே போங்கள் என்றேனே, அது பவளத்தின் மேல் சாய்வதற்கான அனுமதி இல்லை. கை ஊன்றினால் உடைவது பல ஆண்டுகளாக வளர்ந்த உயிரினம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுபவை; அங்கே நினைத்த இடத்தில் இறங்கிப் படம் எடுக்க முடியாது.

எடுத்த பிறகு

மேலே வந்ததும் கூட்டைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பட்டன்களை அமுக்கி அமுக்கி உப்பை வெளியேற்றுங்கள். துடைத்து, காய்ந்த பிறகே திறக்க வேண்டும்.

நீலம் தூக்கலாக இருந்தால் எடிட்டிங்கில் வெப்பநிலையைக் கூட்டி, கொஞ்சம் ‘டீஹேஸ்’ போட்டால் படம் உயிர்பெறும். ஆனால் குமிழ்க் கண்ணாடியால் வந்த மங்கலுக்கு மருந்து கிடையாது. ‘ஷார்ப்னெஸ்’ஸை ஏற்றினால் மங்கலான மீனுக்கு வெள்ளை விளிம்பு கட்டும், அவ்வளவே. நண்பர் மூன்று ஆப்களில் முயன்று பார்த்துக் கைவிட்டார்.

நல்லபடியாக எடுத்தவர்களும் கடைசியில் கோட்டைவிடுவது வாட்ஸ்அப்பில். 4கே வீடியோவை ஃபேமிலி குரூப்பில் சாதாரணமாகத் தட்டிவிட்டால் அது பிழிந்து சக்கையாகத்தான் போய்ச்சேரும். ‘டாக்குமெண்ட்’டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். நண்பர் அடுத்த டிசம்பரில் ராமேஸ்வரம் போகிறாராம். சித்தப்பா பையனிடம் கேமராவைத் திரும்ப வாங்கியிருக்கிறார். இந்த முறை தட்டைக் கண்ணாடி ஹவுஸிங்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.